கடைசிக் காட்சி வராத கோப்பு

1

இந்தக் கதை சுவரில் காதை வைத்ததால் கிடைத்தது. ஒளிப்பானேன்? எங்கள் குடியிருப்பில் சுவர்கள் மெல்லியவை; என் காதும் கொஞ்சம் நீளம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கலையையும் கடமையையும் இரு கண்களாகப் போற்றும் அந்த உயர் அதிகாரி’

அடித்துவிட்டேன். வாழ்த்து மடல் வாடை.

பக்கத்து வீட்டுக்காரர் சிறைத்துறையில் பெரிய அதிகாரி. விசாரணையில்லாமல் உள்ளே கிடப்பவர்களை வெளியே விட அவர் கையெழுத்து வேண்டும். ஓய்வு நேரத்தில் ஆப்பரா எழுதுகிறார். [ஆப்பராவில் யாரும் பேசமாட்டார்கள். ‘கதவைச் சாத்து’ என்பதைக்கூடத் தொண்டை கிழியப் பாடித்தான் சொல்வார்கள்.] அரங்கேற்றத்தன்று இலாகாவே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டும். தட்டாமல் அங்கே வேலை பார்க்க முடியுமா? குடியிருப்பில் அவருக்கு ‘மெட்டு சார்’ என்று பேர். அவர் காதுபடச் சொன்னவர் யாருமில்லை.

2

தையல்காரியைக் கதைக்குள் இழுக்க எனக்கு இஷ்டமில்லை. அவளாகத்தான் வந்தாள், என் ஜன்னல் திரைகளைத் தைக்க. அவள் புருஷன் அச்சகத்தில் வேலை பார்த்தவன். யாரோ கொடுத்த துண்டறிக்கையை அச்சடித்ததற்காகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வாராவாரம் மெட்டு சாரின் அலுவலகத்துக்குப் போய் அழுதுவிட்டு வருகிறாள்.

“நல்ல மனுஷன்க்கா. நான் அழுதா பேனாவ வச்சிட்டு, கண்ண மூடிக் கேக்குறாரு. ‘அடுத்த வாரமும் வாம்மா’ங்குறாரு.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் பியானோ தொடங்கியது. கூடவே அவர் குரல்: ‘அவருக்கு இருட்டுன்னா பயம்ங்க, வெளக்கையாவது எரிய விடுங்க...’

அவள் வார்த்தை. அவள் விக்கல்கூட, இடம் மாறாமல்.

ஊசி அவள் விரலில் ஏறியது. அவள் கத்தவில்லை. கத்தினால் அதுவும் பாட்டாகிவிடுமே.

3

மெட்டு சாரின் மனைவி பால்கனியில் துணி உலர்த்தும்போது சொன்னது. (நானாகக் கேட்கவில்லை. அதாவது, லேசாகத்தான் கேட்டேன்.)

“அந்தப் பொண்ணு குரல்ல பாதி நாடகம் முடிஞ்சிருச்சாம். கடைசிக் காட்சி வர்ற வரைக்கும் அவ புருஷன் ஃபைல் மேஜையிலயே கெடக்கட்டும்ங்கறார். போன ஆப்பராவுக்கும் ஒரு பெரியவர் மகனுக்காக இப்படித்தான் வந்துட்டிருந்தார்.”

“அப்புறம்?”

“அது சோக முடிவு” என்றாள், க்ளிப்பைப் பல்லில் கடித்தபடி.

4

“இனிமே அவர் முன்னாடி அழுதுடாதடி” என்று தையல்காரியிடம் சொன்னேன். அடுத்த வாரம் அவள் அவரிடம் போய், கடையில் நூல்கண்டு கேட்பதுபோலப் பேசிவிட்டு வந்தாள்.

[இங்கே ஒரு சின்ன வெற்றியை எழுத நினைத்திருந்தேன். ‘சலித்துப்போன அதிகாரி பேனாவை எடுத்து’]

எடுக்கவில்லை. என் வீட்டு அழைப்புமணியை அடித்தார்.

“என்னம்மா, கதை எழுதறீங்க போலிருக்கு? நம்ம தையல்காரம்மாவப் பத்தி.”

எழுதியதை வாய்விட்டு வாசிப்பது என் பழக்கம். சுவர் இரண்டு பக்கமும் மெல்லியதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

“சும்மா... பொழுது போகாம, சார்.”

“எனக்குக் கடைசிக் காட்சி வரமாட்டேங்குது. அந்தம்மா வேற இப்ப சுரத்தே இல்லாமப் பேசுது. உங்க கதைல புருஷன் திரும்பி வர்றானா?”

“வர... வரலாம் சார்.”

“வந்து? சாப்பிட்டுப் படுத்துக்குவானா?” சிரித்தார். “சப்புனு இருக்கே. செத்துட்டான்னா அவளுக்கு ஒரு நல்ல பாட்டு கிடைக்கும். யோசிங்க. நீங்க எப்படி முடிக்கறீங்களோ, நானும் அப்படியே முடிச்சுடறேன்.”

நாடகத்தையா, அவள் புருஷனின் கோப்பையா? கேட்காமலே கதவைச் சாத்தினேன்.

5

முடிவு அ: கதவு தட்டப்படுகிறது. திறந்தால் அவன். இருவரும் கட்டிக்கொண்டு

(சப்பென்றுதான் இருக்கிறது.)

முடிவு ஆ: எழுத மாட்டேன். எழுதினால் நன்றாக வந்துவிடும். அதுதான் பயம்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். அவன் உயிரோடு வரவேண்டும். அவள் கதவைத் திறக்கிற அந்த இடத்தில், சாவு கொடுப்பதைவிட நல்ல பாட்டு ஒன்று இருக்கவேண்டும். எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குத் தோன்றினால் சுவரைப் பார்த்து, வாய்விட்டு வாசியுங்கள். சப்பென்று இருந்தால் தயவுசெய்து மூச்சுக் காட்டாதீர்கள்.

பியானோ நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கிறார்.