கழித்துப் போட்ட குரல்

என் அக்கா கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவள் "பிரேக்!" என்று கத்தினால், எதிரே வருகிற லாரிக்காரனும் சேர்ந்து பிரேக் போடுவான் என்று அத்தான் கிண்டல் செய்வார். அப்படிப்பட்டவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா ஒரு யோசனை சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் நிறைய வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், அதிலிருந்து ஒரு குரலைத் தயாரித்து டேப்லெட்டில் ஏற்றிவிடலாம். அக்கா டைப் செய்வதை அது அவள் குரலிலேயே பேசும். இல்லாவிட்டால் முகம் தெரியாத யாரோ ஒருத்தியின் குரலில்தான் அவள் காலம் முழுக்கப் பேச வேண்டியிருக்கும்.

எங்கே பதிவு செய்வது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். விளம்பரங்களுக்குக் குரல் பதிவு செய்கிற சின்ன ஸ்டூடியோ வைத்திருப்பவன் நான். "இதெல்லாம் எனக்கு ஜுஜுபி மேடம்" என்றேன். அதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்காவை மைக் முன்னால் உட்கார வைத்து வாட்டி எடுத்தேன். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்பாள். "மூச்சுச் சத்தம் வந்துடுச்சுக்கா. இன்னொரு தடவை" என்பேன். மறுபடியும் சொல்வாள். நாற்காலி கிறீச்சிட்டது என்பேன்.

"டேய், மூச்சு விடாம பேச நான் என்ன பொம்மையா? உனக்குக் காதா, இல்ல வேற ஏதாவதா?"

"இன்னொரு தடவைக்கா."

"இந்த வார்த்தைய இனிமே சொன்னே, மைக்காலயே அடிப்பேன்."

சுத்தமாகப் பதிவான நல்ல டேக் எல்லாம் ஒரு ஃபோல்டரில் போனது. மூச்சும் இருமலும் திட்டும் சிரிப்பும் கலந்தவை 'கழிவு' என்று பெயர் வைத்த இன்னொன்றில் போயின. கழித்த டேக்கை வேலை முடிகிற வரை எங்கள் தொழிலில் யாரும் தூக்கி எறிவதில்லை.

கடைசி நாளன்று, "ரெண்டு காப்பி எடுத்து வைடா" என்றாள் அக்கா. "தொழில்காரனுக்கே சொல்லித் தர்றியா?" என்றேன். எடுக்கவில்லை. எடுத்துக்கொள்ளலாம், என்ன அவசரம் என்று இருந்துவிட்டேன். என் மேஜையின் லட்சணத்தைப் பார்த்துவிட்டு அவள், பதிவெல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்கை அத்தானிடம் கொடுத்து, வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னாள். தம்பியின் லட்சணம் அவளுக்குத் தெரியாதா என்ன?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுவாரம் அத்தான் டிஸ்கை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். அவர் கையிலிருந்து எதுவும் நழுவி நான் பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு, தூக்கமில்லாத களைப்போ என்னவோ, வாசல் படியில் டிஸ்க் நழுவி விழுந்தது. பதறிப்போனார். அவர் எதிரிலேயே அதைச் செருகிப் பார்த்தேன். அக்காவின் குரல் கணீரென்று வந்தது. "கல்லு மாதிரி இருக்கு அத்தான், போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டு, அதை மேஜைமேல் என்னுடைய மற்ற டிஸ்குகளோடு வைத்தேன். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அளவு.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. புது வேலைக்கு உட்காரும்போது டிஸ்கைச் செருகியதும் ஃபார்மட் அடித்துவிடுவோம். பழைய வேலையின் எச்சம் புதியதில் கலந்துவிடக் கூடாது. பல் தேய்ப்பதுபோல் கை தானாகவே அதைச் செய்துவிடும். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கணினி கேட்கும். அந்தக் கேள்வியை நான் நின்று படித்து வெகுகாலமாகிறது.

மறுநாள் காலை குளியலறை டைல்ஸ் விளம்பரம். குரல் கொடுக்க வந்தவர், "வழுக்கவே வழுக்காது!" என்பதைக் குழைந்தும் கர்ஜித்தும் மதியம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு அக்காவின் வேலையை ஆரம்பிக்கலாமென்று மேஜையிலிருந்த டிஸ்கை எடுத்துச் செருகினேன். அது காலியாக இருந்தது. அப்படியென்றால் காலையில் நான் அழித்தது எது?

அந்த நேரம் பார்த்து அத்தான் போன் செய்தார். "ஃபைலெல்லாம் அனுப்பிட்டியா மாப்ள? ஆஸ்பத்திரியில அந்தம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"அது திறக்கவே மாட்டேங்குது அத்தான்." என் வாய் தானாகப் பேசியது. "நேத்து கீழ விழுந்துச்சுல்ல..."

அதற்குமேல் நான் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மீதியை அவரே சொல்லிக்கொண்டார். "அப்ப நல்லாத்தானே கேட்டுச்சு... ஐயையோ, நான்தான் கெடுத்துட்டேனா?" இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் நேரே போய்த் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு அக்காவிடம் சொல்லிவிட்டார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். அதையும் அவரே என்னிடம் வந்து சொல்லி அழுதார். நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். எவ்வளவு மட்டமான மனிதன் நான் என்பது அந்தக் கையைப் பார்த்தபோது தெரிந்தது. ஆனாலும் தட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்குத் தனியாகப் போய்வரலாமென்று பார்த்தேன். அத்தான் விடவில்லை. தன்னால் ஆன சேதத்தைத் தானே பார்க்க வேண்டுமாம். கடைக்காரப் பெண் டிஸ்கை வாங்கிக்கொண்டு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போனோம்.

"கீழ விழுந்துடுச்சும்மா, என் தப்புதான்" என்று ஆரம்பித்தார் அத்தான்.

"விழுந்ததால ஒண்ணும் ஆகலையே சார்" என்றார் அந்தப் பெண், திரையைப் பார்த்தபடியே. "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. ஃபார்மட் பண்ணியிருக்கீங்க. அதோட விட்டிருந்தாக்கூட முழுசா எடுத்திருக்கலாம். அதுக்கு மேலயே வேற ஏதோ ரெக்கார்ட் பண்ணிட்டீங்க. இதைக் கேளுங்க."

பெயர் போய் வெறும் எண் மட்டும் மிஞ்சிய ஒரு ஃபைலைத் திறந்தார். "எனக்குத் தண்ணீர்" என்று அக்காவின் குரல் தெளிவாக ஆரம்பித்தது. உடனே ஓர் ஆண்குரல் கர்ஜித்தது: "வழுக்கவே வழுக்காது!"

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

நல்ல டேக் இருந்த ஃபோல்டரில் உருப்படியாக எதுவும் மிஞ்சவில்லை. டைல்ஸ்காரர் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார். 'கழிவு' மட்டும் கிட்டத்தட்ட முழுதாகக் கிடைத்தது.

படியிறங்கும்போது அத்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் ஒரு அறை விட்டுவிட்டால் தேவலை என்று நானும் நின்றேன்.

"நான் கீழ போட்டதாவே இருக்கட்டும், மாப்ள" என்றார். "நீதான்னு தெரிஞ்சா அவளுக்கு உன்னைத் திட்டணும் போல இருக்கும். பாவம், இப்ப அவளால அதுகூட முடியாதே."

அதற்கும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

பேச்சுப் பயிற்சி அம்மா 'கழிவு' முழுவதையும் கேட்டுவிட்டு, குரல் தயாரிக்க இதுவே போதும் என்றார். "ஆனா இதுல இருக்கிற தொனிதான் வரும். வெறும் தண்ணி கேட்டாலும் திட்டற மாதிரிதான் கேக்கும். பரவாயில்லையா?" என்று கேட்டார்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் டேப்லெட்டை அவள் முன்னால் வைத்தோம். கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

"ஹலோ, கேக்குதா?"

அவளேதான். பக்கத்து சீட்டிலிருந்து பிரேக் போடச் சொல்கிற அதே அக்கா, அதே கடுகடுப்பு. அத்தான் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அக்கா அவரைப் பார்த்து ஏதோ தட்டினாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. விளையாட்டாகத்தான் தட்டியிருப்பாள். ஆனால் குரல் சீறிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் பாத்து எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா?"

"தப்புதாம்மா" என்றார் அத்தான். தலையைக் குனிந்துகொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அத்தான் இல்லக்கா" என்றேன், மேஜைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு. "நான்தான். பாக்காம அழிச்சுட்டேன். அவர்மேல பழியப் போட்டுட்டேன்." சொல்லி முடித்தேனா, முழுங்கினேனா என்று எனக்கே தெரியவில்லை.

"விடு மாப்ள" என்றார் அத்தான். அக்கா கையைக் காட்டி அவரை அடக்கினாள். நிதானமாகத் தட்ட ஆரம்பித்தாள். அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் குரல் வந்தது.

"மூச்சுச் சத்தம்தான் கேட்டுச்சு. அவர் முகத்தைப் பாத்துச் சொல்லு. இன்னொரு தடவை."

தலையை நிமிர்த்தினேன். அத்தானின் கண் சிவந்திருந்தது. "நீங்க கீழ போட்டதால ஒண்ணும் ஆகல அத்தான். நான்தான்..." பாதியில் என் பார்வை மறுபடியும் மேஜைவிரிப்புக்குப் போய்விட்டது.

அக்கா இரண்டே வார்த்தைகள் தட்டினாள்.

"இன்னொரு தடவை."