மூன்று நாள் காற்று

எங்கள் ஊரில் காற்று எப்போது நிற்கும் என்று என்னைக் கேட்காமல் ஒருத்தரும் போர்வை துவைக்க மாட்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் விற்கும் கூண்டுக்குள் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் நான். 'ஆர்கிரோ, நாளைக்குக் கப்பல் வருமா?' என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்கள் கல்யாணத்துக்குத் தேதி வைப்பார்கள். ஆகஸ்ட் மாதத்து வடகாற்று பிடித்தால் மூன்று நாள் அடிக்கும், விடாவிட்டால் ஆறு, அதையும் தாண்டினால் ஒன்பது. இது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் எது மூன்று நாள் காற்று, எது ஆறு நாள் காற்று என்று முதல் நாளே சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிர்தான் என் தம்பியைக் கொல்லப் பார்த்தது.

தம்பி சக்கரியாஸுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி நாலு வருஷம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி காலைக் கப்பலில் பக்கத்துப் பெரிய தீவுக்குப் போவான். அங்கே ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு சாயங்காலக் கப்பலில் திரும்புவான். எங்கள் தீவில் அந்த மெஷின் கிடையாது. இங்கே இருப்பது ஒரு டாக்டரம்மா, இரண்டு கட்டில், அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை அவன் திரும்பி வரும்போதே காற்று பிடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை கடல் முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரைத்துக் கிடந்தது. அன்றைக்கு வந்த கப்பல்தான் கடைசி, அடுத்ததற்குத் தடை போட்டுவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சக்கரியாஸ் பையோடு கூண்டுக்கு முன்னால் வந்து நின்றான். காற்று அடங்கும்வரை பெரிய தீவில் ஃப்ளோரா வீட்டிலேயே தங்கிவிடுகிறேன் என்றான். ஃப்ளோரா எங்கள் சித்தி மகள்.

"எதுக்குடா? இது மூணு நாள் காத்து. நாளைக்குக் காலையில விழுந்துரும், கப்பல் ஓடும். அவ வீட்டு மெத்தையில படுத்தா முதுகு போயிரும் உனக்கு."

"நிச்சயமாத்தானே சொல்ற, அக்கா?"

"நான் என்னிக்குடா மாத்திச் சொல்லியிருக்கேன்?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மெத்தை ஒரு காரணமே இல்லை. வடகாற்று அடிக்கும்போது எங்கள் வீட்டில் ஜன்னல் பலகை ஒவ்வொன்றும் ஆள் தட்டுவதுபோலத் தட்டும். புருஷன் போன பிறகு அந்தச் சத்தத்தில் தனியாக என்னால் படுக்க முடிவதில்லை. இதை அவனிடம் சொல்ல வெட்கம். அதனால் அவன் கையிலிருந்த பையைப் பிடுங்கிக் கூண்டுக்குள் வைத்துக்கொண்டேன். கப்பல் போய்விட்டது.

புதன்கிழமை காற்று விழவில்லை. வானிலைக்காரர்கள் காற்றின் வேகத்துக்குப் போடும் எண் எட்டில் இருந்தது ஒன்பதுக்கு ஏறியது. வியாழன் அதேதான். வெள்ளியும் அதேதான். கடையில் பால் தீர்ந்தது, தக்காளி தீர்ந்தது, ஆட்களுக்குப் பொறுமையும் தீர்ந்தது. பறந்துபோன ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்காக இரண்டு வீட்டுக்காரர்கள் கைகலப்புவரை போனார்கள். யாரும் சரியாகத் தூங்கவில்லை. தெருவில் என்னைப் பார்த்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. 'என்ன ஆர்கிரோ, மூணு நாள்தானா?' என்று யாராவது குத்தலாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலாம்போல இருந்தது. சும்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

சக்கரியாஸின் கால் இரண்டும் வீங்கிவிட்டன. தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதால் எலுமிச்சைத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு படுத்திருந்தான். ஹெலிகாப்டர் இரண்டு தடவை கிளம்பி, மலைக்கு மேல் காற்று புரட்டுகிறது என்று இரண்டு தடவையும் திரும்பிப் போனது. சனிக்கிழமை காலையில் டாக்டர் தனாயி என்னை வாசலுக்கு அழைத்தாள். என் மகள் வயசுதான் இருக்கும் அவளுக்கு. ரத்தத்தில் சேர்ந்த உப்பு இதயத்தைப் பிடிக்கிறது, துடிப்பு மாறிவிட்டது, இங்கே இருக்கிற மருந்தெல்லாம் கொடுத்தாயிற்று என்றாள். நாளைக்கு இருப்பானா என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மத்தியானம் காற்று ஒன்பதிலிருந்து எட்டுக்கு இறங்கியது. பெரிய கப்பலுக்கு மட்டும் தடை நீங்கியது. அதன் கேப்டன் பந்தெலிஸ் ரேடியோவில் என்னைக் கூப்பிட்டார். எங்கள் துறைமுகம் வடக்கு பார்த்தது, அங்கே கனவிலும் நுழைய முடியாது. தெற்கே மலைக்குப் பின்னால் இருக்கும் சின்னத் துறைக்கு வருகிறேன் என்றார். கயிறு கட்ட நேரமில்லை. பின்பக்கமாக வந்து, வண்டிகள் ஏறும் பின்கதவைத் துறையில் இறக்குவார், ஒரு நிமிஷம், அதற்குள் அவனை ஏற்றிவிட வேண்டும்.

தெற்குத் துறையில் அலை கிடையாது. ஆனால் மலையேறி வருகிற காற்று, மாடியிலிருந்து வாளித் தண்ணீரைக் கவிழ்த்தமாதிரி அங்கேதான் கொட்டும். பின்கதவு இறங்கியிருக்கும்போது அப்படி ஒரு காற்றடி விழுந்தால் கப்பல் பாறையில் போய் மோதும். உள்ளே முந்நூறு பேர். மலை உச்சியில் திராட்சைத் தோட்டத்துக்குக் காற்றுத் தடுப்பாக வளர்த்த நாணல் வரிசை ஒன்று உண்டு. நாணல் படுத்தால், இருபது எண்ணுவதற்குள் காற்று கீழே வந்து விழும். கப்பலிலிருந்து பார்த்தால் பாறை மறைக்கும், துறையின் மேற்கு மூலையில் நிற்பவருக்குத்தான் நாணல் தெரியும். அங்கே நின்று 'வா', 'போ' என்று ரேடியோவில் சொல்வது எப்போதும் என் வேலை.

இன்றைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். என் வாயால் இனிக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை வராது என்றேன். மூன்று நாள் காற்று என்று சொல்லித் தம்பியை நான் நிறுத்திவைத்த சேதி கேப்டனுக்கும் போயிருந்தது.

"உன் கணக்கை நீயே வெச்சுக்க, ஆர்கிரோ. எனக்கு அது வேண்டாம். உன் கண்ணுதான் வேணும். வந்து நில்லு."

சக்கரியாஸைக் கட்டிலோடு வண்டியில் ஏற்றி மலையைச் சுற்றிக் கொண்டுபோனோம். நாலு பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு துறையில் தயாராக நின்றார்கள். தனாயி அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றாள். அவன் கண் பாதி மூடியிருந்தது, உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் மேற்கு மூலையில் இரும்புத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன், இல்லாவிட்டால் என்னையே தள்ளிவிட்டிருக்கும். கப்பல் பின்பக்கம் காட்டி வந்து, இருநூறு அடி தள்ளி இன்ஜினை உறுமவிட்டுக் காத்திருந்தது.

நாணல் படுத்தது. எண்ணினேன். பதினெட்டில் காற்று விழுந்தது, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடி படுத்தது, மறுபடி விழுந்தது. மூன்றாவது முறையும் அதேதான், இந்த முறை துறையில் கிடந்த மீன் பெட்டிகள் தண்ணீருக்குள் பறந்தன. இந்தத் துறையில் மூன்று காற்றடிக்குப் பிறகு ஒரு இடைவெளி உண்டு. அதுவும் பரம்பரையாகச் சொல்லி வருகிற கணக்குதான், அந்தக் கணக்கில்தான் எத்தனையோ தடவை கப்பலை உள்ளே கூப்பிட்டிருக்கிறேன்.

"மூணு ஆச்சு," என்றார் கேப்டன். "வரட்டுமா?"

'வா' என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். பின்னால் தனாயி, சீக்கிரம், சீக்கிரம் என்று சொல்வது கேட்டது. கட்டிலைத் தூக்கியவர்கள் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டார்கள். நான் கணக்கை விட்டுவிட்டு நாணலைப் பார்த்தேன். நிமிர்ந்துதான் நின்றது. ஆனால் கிழக்கு ஓரத்தில் நாலைந்து தண்டுகளின் தலை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"வராதீங்க," என்றேன். "நில்லுங்க."

கட்டிலைத் தூக்கியவர்களில் ஒருவன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். உன் தம்பியைச் சாகடித்துவிட்டுத்தான் ஓய்வாயா என்றான். அதற்குள் நாணல் வரிசை முழுதாகப் படுத்துவிட்டது. நாலாவது அடி முந்தின மூன்றையும் தூக்கிச் சாப்பிட்டது. கப்பல் அப்படியே பாறைப் பக்கம் நகர்ந்து, இன்ஜின் கதறக் கதறத் திரும்ப நேரானது. திட்டியவன் கட்டிலோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். பின்கதவு அப்போது கீழே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு நாணல் நிமிர்ந்தது. ஓரத்துத் தண்டுகளும் அசையாமல் நின்றன. ஒன்று, இரண்டு என்று எண்ணாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வாங்க, கேப்டன். இப்ப வாங்க."

பின்கதவு துறையில் உரசிக்கொண்டு இறங்கியது. நாலு பேரும் ஓடினார்கள், தனாயியும் கூடவே ஓடினாள். நான் மலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதனால் என் தம்பி கப்பலுக்குள் போனதை நான் பார்க்கவே இல்லை. பின்கதவுச் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டதும்தான் திரும்பினேன். கப்பல் துறையைவிட்டு விலகியிருந்தது. தூணைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அன்று சாயங்காலமே மெஷினில் போட்டார்கள், பிழைத்துக்கொண்டான். காற்று அதற்குப் பிறகும் அடித்தது. ஞாயிறு அடித்தது, திங்கள் அடித்தது. செவ்வாய் மத்தியானம் சட்டென்று விழுந்தது. பெண்கள் போர்வை மூட்டையோடு கூண்டுப் பக்கமாக வந்து, பாத்தியா ஆர்கிரோ, ஒன்பது நாள், மூணு மூணாத்தான் எண்ணிப் போகுது என்று சமாதானம் சொன்னார்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

சாயங்காலம் சக்கரியாஸ் போன் செய்தான். குரலில் பழைய கிண்டல் திரும்பியிருந்தது.

"ஒன்பது நாளாமே, அக்கா. அப்ப உன் கணக்கு சரிதான்."

"நீ செத்திருந்தாலும் அது சரியாத்தான்டா இருந்திருக்கும்," என்றேன்.

பிறகு, நாளைக்குச் சாயங்காலக் கப்பலில் வந்துவிடட்டுமா என்று கேட்டான். கூண்டுக்கு வெளியே கடல் எண்ணெய் ஊற்றினமாதிரிக் கிடந்தது.

"வேண்டாம். செப்டம்பர் முடியற வரைக்கும் ஃப்ளோரா வீட்லயே இரு."

"அவ வீட்டு மெத்தை முதுகை ஒடிச்சுரும்னு நீதானே சொன்ன?"

"பொய் சொன்னேன்," என்றேன். "எனக்குத் தனியாப் படுக்க பயம்."