லைனில் ஒரு ஸ்டூல்

1

இந்தக் கதை சொல்லி வைத்துச் செய்தது. மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பு பற்றிச் சிறப்பிதழ் போடுகிறோம், உருக்கமாக ஒன்று வேண்டும் என்றார்கள். உருக்குவது எனக்குக் கைவந்த கலை. சூளகிரி தொழிற்பேட்டையில் கார்களுக்கு வயர் கட்டு செய்யும் ஒரு கம்பெனியைக் கட்டினேன். உள்ளே, பெண்கள் வரிசையாக நின்று வயர் கட்டும் லைன். கம்பெனியின் வாசலறையில் ஃபெபாவைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். வேப்பனப்பள்ளிப் பெண், வயது இருபத்தாறு, இடது காலில் காலிபர், அதாவது தாங்கி நடக்க மாட்டும் இரும்புச் சட்டம்.

முதல் வரி இப்படி வந்தது: ஃபெபா தன் சூம்பிய காலை ஏக்கத்தோடு பார்த்தபடி...

(அடித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் கால். அதையே பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு வேறு வேலை இல்லையா?)

2

இல்லை. அதுதான் சிக்கலே.

கம்பெனி அவளை வேலைக்கு எடுத்தது, சம்பளமும் தந்தது. வேலை மட்டும் தரவில்லை. விருந்தினர்கள் வந்தால் மனிதவள அதிகாரி பிரதாப், "இவங்க நம்ம ஃபெபா" என்று காட்டுவார். அவள் எழுந்து வணக்கம் சொல்ல வேண்டும். அவர்கள் போனதும் மறுபடி உட்கார வேண்டும்.

உதறிவிட்டுப் போகலாம்தான். ஆனால் வேலை கிடைத்ததும் அவளுக்கு அரசு தந்த மாத உதவித்தொகை நின்றுவிட்டது.* திரும்ப மனுப் போட்டு அது எப்போது வருமோ? வீடு அவள் சம்பளத்தில் ஓடுகிறது.

* சம்பாதிக்கிறவளுக்கு உதவி எதற்கு என்பீர்கள். வேலை போனால் இரண்டும் போய்விடுமே என்று பயந்து வேலைக்கே போகாதவர்களும் இருக்கிறார்கள். இதை நீட்டினால் கட்டுரையாகிவிடும். ஃபெபா காத்திருக்கிறாள்.

3

அவள் பிரதாப்பின் மேசை முன் போய் நின்றாள்.

"சார், என்னை லைன்ல போடுங்க."

"எட்டு மணி நேரம் நிக்கணும்மா. உன்னால ஆவாது."

"ஒரு ஸ்டூல் போட்டா ஆவும் சார். கைக்குத்தான வேலை, காலுக்கு என்னா வேலை?"

"உனக்கு ஒண்ணு போட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஒரு காலைப் பற்றி எழுத வந்தவன் நான். லைன் முழுக்கக் கால்கள் நின்றுகொண்டிருந்தன.

கேன்டீனில் இதைக் கேட்டு, லைனில் மூத்தவளான மாதேஸ்வரி சிரித்தாள்.

"எங்க காலு மட்டும் இரும்பாலயா செஞ்சிருக்குது? பஸ்ஸு ஏர்றதுக்குள்ள வீங்கிப் போவுது பாப்பா."

"அப்ப நீங்களும் கேளுங்கக்கா."

"எல்லாம் கான்ட்ராக்ட் ஆளுங்க. வாயைத் தொறந்தா நாளையில இருந்து வராதம்பாங்க."

4

முடிவு ஒன்று: பிரதாப் மனம் மாறுகிறார். (மாற மாட்டார். நான் செய்த ஆள், எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: வேலை போய், கொட்டும் மழையில் ஃபெபா நெடுஞ்சாலையோரம்...

"நிறுத்துங்க, எழுத்தாளரே," என்றாள் ஃபெபா. "அவரு வர்றவங்ககிட்ட என்னைக் காட்றாரு. நீங்க படிக்கிறவங்ககிட்ட காட்றீங்க. உங்க கதையில எனக்கு என்னா வேலை?"

சுருக்கென்றது. வாசலறைக் கதவைத் திறந்துவிட்டேன்.

5

கேன்டீனிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, காலிபர் தரையில் தட்ட, ஃபெபா லைனுக்குள் போனாள். மாதேஸ்வரி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். வயர்களை எடுத்துக் கட்டினாள். முதல் கட்டே கோணல்.

"கறுப்பு கீழ வரணும் பாப்பா," என்று மாதேஸ்வரி பிரித்துக் கொடுத்தாள். இரண்டாவது சரியாக வந்தது. அதன் பிறகு அவள் கை நிற்கவில்லை.

கொஞ்ச நேரம் போனதும் ஃபெபா மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தாள்.

"அக்கா, இப்ப நீ ஒக்காரு."

மாதேஸ்வரி அங்குமிங்கும் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் வந்ததை எழுதினால் மறுபடி உருக்கத்தில் போய் நிற்கும். விட்டுவிடுகிறேன். அடுத்து ஸ்டூல், பக்கத்தில் நின்று வயர் கட்டிய பூங்கொடிக்குப் போனது.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பிரதாப் விருந்தினர்களை அழைத்து வருகிறார். அந்த விருந்தினர்கள் வேறு யாருமில்லை, நீங்கள்தான். வாசல் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துப் பிரதாப் திகைத்து நிற்பார். அவரைக் கடந்து லைனுக்கு வாருங்கள். ஸ்டூலில் யார் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து வணக்கம் சொல்ல மாட்டார்கள். அந்த ஸ்டூல் அங்கேயே இருக்கலாமா என்பதை நீங்களே அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

ஃபெபாவைக் கூப்பிடாதீர்கள். வேலையாக இருக்கிறாள்.