கேப்டனின் இடது தோள்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் கெட்ட பழக்கம்: எந்த நாவலிலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுவேன். போர் விளையாட்டு மினியேச்சர்கள் விற்கும் கடையில் எனக்கு வேலை. கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் வீரர்கள், அவர்களுடைய விண்வெளிப் போர்களைச் சொல்லும் நாவல்கள். கேப்டன் என்ற புதிய மினியேச்சரும் அவளைப் பற்றிய நாவலும் ஒரே சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியாக வேண்டும். பெட்டிகள் மூன்று வாரம் முன்பே வந்துவிட்டன.

(நான் கதை எழுதக் கற்கும் மாலை வகுப்பின் ஆசிரியை: "முதல் பத்தியிலேயே எல்லாத்தையும் கொட்டாதே." கொட்டிவிட்டேன்.)

2

கைவிட்ட தொடக்கங்கள்:

கேப்டன் தன் இடது தோளைத் திரும்பிப் பார்த்தபோது— பிளாஸ்டிக் கழுத்து திரும்பாது.

என் அக்காவைப் போலப் பொறுமைசாலி— பொய்.

அக்கா மினியேச்சர்களுக்கு வண்ணம் தீட்டுபவள். கடை ஜன்னலில் வைக்கும் மாதிரியை முதல்முறையாக அவளிடம் கொடுத்திருந்தார் முதலாளி. பிடித்துப்போனால் இனி எல்லா வெளியீடும் அவளுக்கே. உருப்பெருக்கி விளக்கின் கீழ் குனிந்திருந்தவளிடம் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, கடைசில இவ எதிரிப் படைக்குப் போயிடுறா."

"அடிப்பாவி! அதான் கண்ணுல ஒரு திருட்டுத்தனமா? நாலு நாளா மண்டையப் பிச்சுக்கிட்டிருந்தேன்டி."

3

சனிக்கிழமை, ஒன்பதரை. முதலாளி கேப்டனைக் கையில் எடுத்தார். நீலக் கவசம். இடது தோளில் மட்டும் நீலம் உரிந்து, அடியில் எதிரிகளின் துருச்சிவப்பு தெரிந்தது. அப்படியொரு தோளை எங்கள் கடை பார்த்ததில்லை.

"பிரமாதம்மா. ஆனா இன்னும் கதை தெரியாம வெளில முப்பது பேர் நிக்கிறாங்க. முன்னூறு பக்கத்தை ஒரு தோள்ல எழுதி வச்சிருக்கியே! யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல சார். மூஞ்சியப் பார்த்தேன், தெரிஞ்சுது."

"அப்ப எழுதினவரை விட நீ கெட்டிக்காரி."

(இடது தோள் தெரியாமல் திருப்பி வைக்கலாமே என்கிறீர்களா? வைத்துப் பார்த்தோம். ஜன்னல் அலமாரியின் பின்புறம் நிலைக்கண்ணாடி.)

4

வகுப்புக்காக ஒரு கேள்வி. நாவலில் பக்கங்கள் வரிசையாக வரும். முதல் பக்கத்தில் அவள் விசுவாசி. மினியேச்சருக்குப் பக்கமே கிடையாது. அப்படியானால் பெட்டிக்குள் இருப்பவள் எந்த அத்தியாயத்துக் கேப்டன்? அக்கா தீட்டியது தவறா, சீக்கிரமா?

எழுதிப் பார்த்த முடிவுகள்: அக்கா நீலத்தை அடித்துத் தோளை மூடுகிறாள், ஜன்னல் அவளுக்கு. அல்லது மறுக்கிறாள், ஜன்னல் வேறொருவருக்கு. இரண்டிலும் நான் வாய்திறக்காமல் நிற்கிறேன் என்பதை மூன்றாவது பிரதியில்தான் கவனித்தேன்.

5

ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

"நான்தான் சார் சொன்னேன். பெட்டியப் பிரிச்சுப் படிச்சுட்டேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். கேப்டனைப் பார்த்தார். "உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன்." நீலப் புட்டியைத் திறந்து அக்காவின் முன் வைத்தார். "உன் தோள்மா அது. நீயே முடிவு பண்ணு. ஆனா இனிமே ஜன்னல் யாருக்குன்னு நானும் முடிவு பண்ணுவேன்."

பத்து அடிக்க நான்கு நிமிடம். அக்கா தூரிகையை நீலத்தில் தோய்த்தாள். தோளுக்கு ஒரு மயிரிழை மேலே நிறுத்தி, என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடி. என்ன பண்ணட்டும்?"

"எனக்குத் தெரியாதுக்கா."

அவள் கேப்டனின் பக்கம் குனிந்தாள். பத்து மணிக்கு ஜன்னலில் என்ன நிறம் என்பதை நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். கேப்டனிடம் மட்டும் கடைசி அத்தியாயத்தை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.