அடைசல் ஒழித்த நாள்

அக்காவுக்கு மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றாள். எல்லாப் பரிசோதனைகளும் செய்து பார்த்த டாக்டர் கடைசியில், "உடம்புல ஒண்ணும் இல்லம்மா. வீடு எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

கூடப் போயிருந்த தங்கை முந்திக்கொண்டாள். "உள்ள போகணும்னா நண்டு மாதிரி பக்கவாட்டுல நடக்கணும் டாக்டர்."

"முதல்ல அந்த அடைசலை ஒழிங்க. பாதி டென்ஷன் குறையும்."

அக்கா முப்பத்தோரு வருஷம் ரயில் நிலையத்தில், தொலைந்த பொருள்களை வாங்கி வைக்கும் கவுன்ட்டரில் வேலை பார்த்தவள். ஒரு வருஷம் வரை யாரும் தேடி வராத சாமான்களை ஊழியர்கள் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் நல்ல கைக்கடிகாரமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் தொடாததை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கம்பி ஒடிந்த குடை, ஒற்றைச் செருப்பு, யாரோ ஒருவரின் மூக்குக்கண்ணாடி, மூடியில்லாத சாப்பாட்டு டப்பா. கேட்டால், "என்னைக்காவது வந்து கேட்டா?" என்பாள். மூன்றாவது மாடியில் இருந்த அந்தச் சின்ன வீடு அப்படித்தான் நிரம்பியது. கணவர் இறந்த பிறகு, கட்டிலில் அவர் படுத்த பக்கத்திலும் அட்டைப் பெட்டிகள் ஏறின.

தங்கை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாற்பத்தாறு வயதிலும் அக்காவுக்கு அவள் பாப்பாதான். ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே பத்து சாக்குகளோடு வந்து இறங்கினாள்.

"எல்லாத்தையும் இன்னைக்கே தூக்கிப் போடணுமாடி?" அக்காவின் முகம் அப்போதே வெளிறியிருந்தது.

"பாதியாவது போகட்டும். நீ பக்கத்துல இரு. வேணும்னா வேணும்னு சொல்லு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. அவ்வளவுதான்."

அக்கா எல்லாவற்றுக்கும் வேணும் என்றாள். பதினொரு மணிக்குள் தங்கை அவளைக் கேட்பதையே விட்டுவிட்டாள். பின் அறையில் கைக்கு எட்டியதைச் சாக்குகளில் அடைத்து நடைவழியில் அடுக்கினாள். காலியான ஆளுயர இரும்பு ரேக்கையும் இழுத்து வந்து, அறைக்கதவுக்கு அருகே சுவரில் சாய்த்து வைத்தாள். அதன் தலையில் இரண்டு கட்டுப் பழைய பேப்பர். அந்தக் கதவு நடைவழிப் பக்கமாகத் திறக்கும் கதவு என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

அக்கா சமையலறையில் டீக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரே நிமிஷம் இங்க வா. இந்த மூக்குக்கண்ணாடிப் பெட்டியைப் பாரு."

"பால் அடுப்புல இருக்குடி."

"ஒரு நிமிஷத்துல பால் ஓடியா போயிடும்? வா!"

அக்கா நடைவழிச் சாக்குகளைத் தாண்டி உள்ளே வந்தாள். வரும்போது அவள் தோள் ரேக்கில் இடித்திருக்க வேண்டும். அவள் பெட்டிக்கு முன்னால் குனிந்த அதே நேரம் வெளியே ஏதோ கிறீச்சிட்டது. ரேக் சரிந்து கதவின் மேல் விழுந்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

தங்கை சிரித்துவிட்டாள். எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். ஒரு விரல் அளவுகூட அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினாள். ரேக் கதவுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே முட்டுக்கொடுத்தது போல இறுகி நின்றது.

"போன் எங்க இருக்கு?"

"ரெண்டு பேரோடதும் ஹால்லதானே இருக்கு" என்றாள் அக்கா.

அப்போது சமையலறையிலிருந்து சொய்யென்று சத்தம் கேட்டது. பால் பொங்கி வழியும் சத்தம். சிறிது நேரத்தில் அதுவும் நின்றது.

"அணைஞ்சிடுச்சு, நல்லவேளை" என்றாள் அக்கா.

தங்கைக்குப் புரிந்துவிட்டது. நெருப்புதான் அணைந்தது. கேஸ் அணையவில்லை. கதவடியில் மூக்கை வைத்துக் காத்திருந்தாள். ஐந்து நிமிஷம் இருக்கும். முதலில் மெலிசாக, பிறகு சந்தேகத்துக்கே இடமில்லாமல், அந்த அழுகல் வாடை வந்தது.

அக்காவும் முகர்ந்துவிட்டாள். "ஐயோ பாப்பா!" என்று, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் சுவிட்ச் பக்கம் கையை நீட்டினாள்.

"தொடாதே!" தங்கை அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "ஓடுறது ஓடட்டும். சுவிட்சைத் தட்டினா பொறி வரும். துணி எடு. எது இருந்தாலும் எடு."

யார் யாரோ ரயிலில் விட்டுப்போன துண்டுகளையும் சால்வைகளையும் கதவடியில் திணித்தார்கள். வாடை குறைந்தது, நிற்கவில்லை. இனி ஜன்னல்தான். ஜன்னலைத் தேட வேண்டியிருந்தது. அது பெட்டிகளுக்குப் பின்னால் எங்கோ இருந்தது. அந்த அறை பகல் வெளிச்சம் பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

தங்கை முதல் பெட்டியை இழுத்துப் பின்னால் எறிந்தாள். கண்ணாடிகள் நொறுங்கின. அக்கா அடுத்த பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதை விடு அக்கா!"

"இதுல சின்னப் பிள்ளைங்க ஷூ இருக்குடி. நசுங்கிடும், மெதுவா..."

"அக்கா, நாம செத்துடுவோம்." தங்கை கத்தவில்லை. கத்த மூச்சு இல்லை. "சாமானுக்கு ஆள் வரும்னு உட்கார்ந்திருக்கியே, நம்மளத் தேடி இப்ப யாரு வருவா?"

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி அறையின் மூலைக்கு வீசினாள். அதன்பின் அவள் வேகத்துக்குத் தங்கையால் ஈடுகொடுக்க முடியவில்லை. அழுதுகொண்டே, மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டே, இரண்டு கையாலும் வாரி இறைத்தாள். ஜன்னல் தெரிந்தது. கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது. அக்கா ஒரு குடையை எடுத்து அதன் பிடியால் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள்.

காற்று வந்தது. இருவரும் கம்பியில் முகத்தை வைத்து வாயால் குடித்தார்கள்.

கீழே தெருவில் பஞ்சர் கடைக்காரர் மட்டும் இருந்தார். பக்கத்தில் காற்றடிக்கும் இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. எவ்வளவு கூப்பிட்டும் அவர் நிமிரவில்லை. தங்கை கம்பி வழியாகச் செருப்புகளை எறிந்தாள். மூன்றாவது செருப்பு அவர் தண்ணீர்த் தொட்டியிலேயே விழுந்தது.

அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, படிச்சவங்கதானே? வீட்டுக் குப்பையைத் தெருவுலயா கொட்டுவீங்க?"

"கேஸ்! கேஸ் லீக்! உள்ள மாட்டிக்கிட்டோம்!"

அக்கா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி வீசினாள். "சிவப்பு நூல் கட்டின சாவி! மூணாவது மாடி!"

அவர் கொத்தைப் பொறுக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினார். அப்போதுதான் அவர் வாயோரம் புகைந்துகொண்டிருந்ததைத் தங்கை பார்த்தாள்.

"சிகரெட்! சிகரெட்டைப் போடுங்க!"

அவர் துப்பிவிட்டு மிதித்தார். உள்ளே மறைந்தார். அவர் மறைந்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது.

"பெல்லை அடிக்காதீங்க!" என்று வெற்றுத் தெருவைப் பார்த்து அலறினாள். "அண்ணே! பெல்லை அடிக்காதீங்க!"

பதில் இல்லை. வாசல் மணி சமையலறைக் கதவுக்கு நேர் மேலே இருந்தது. ஒரு தரம் அழுத்தினால் போதும்.

மூன்று மாடி ஏற எவ்வளவு நேரமாகும்? அக்கா அவளைச் சுவரோரமாக இழுத்து உட்கார வைத்து, முதுகைக் கதவுப் பக்கம் திருப்பி, சின்ன வயதில் இடி இடிக்கும்போது மூடியதுபோல அவள் காதுகளைப் பொத்தினாள். சுவருக்கு அப்பால் ஃபிரிட்ஜ் இருந்தது. அது எந்த நொடியும் 'டக்'கென்று ஓடத் தொடங்கலாம் என்பதும் தங்கைக்கு நினைவு வந்தது. அதை அவள் அக்காவிடம் சொல்லவே இல்லை.

பூட்டில் சாவி திரும்பும் ஒலி கேட்டது. வேகமான காலடி. இருமல். சிலிண்டர் மூடப்படும் கறகறப்பு. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கோம்" என்றாள் தங்கை. அதைச் சொன்ன பிறகே அழுகை வந்தது.

ரேக்கை நகர்த்தக் கால் மணி நேரமாயிற்று. இருவரும் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார்கள்.

"நீங்க ஏன் பெல் அடிக்கலை?" என்று தங்கை கேட்டாள்.

"சாவிதான் கையில இருக்கே, பெல் எதுக்கு?" என்றார் அவர். அவர் அதை யோசித்துச் செய்யவில்லை.

"நான்தான் உன்னைக் கூப்பிட்டேன். பால் வச்சுக்கிட்டிருந்த உன்னை" என்று தங்கை அக்காவிடம் சொன்னாள்.

"ரேக்ல இடிச்சது நான்தானே. விடுடி."

மறுநாள் நடைவழி காலியானது. அடுத்த வாரம் ஹால் காலியானது. பின் அறையில் இன்னும் பாதி அப்படியேதான் இருக்கிறது. அதை ஒழிக்கத் தங்கைக்கே தைரியம் வரவில்லை. அக்கா தச்சரை வரவழைத்து அந்த அறைக்கதவைக் கழற்றச் சொன்னாள். வேறு கதவு போடவா என்று அவர் கேட்டதற்கு, "வேண்டாம், அப்படியே திறந்து கிடக்கட்டும்" என்றாள்.