கருங்கோட்டை வெளிவரும் நாள்

திண்டிவனத்தில் விழுப்புரம் பேருந்து ஏறும் அறிவுச்செல்வன், ஊர்ப் பெயர்ப்பலகை வரைக்கும்தான் இருக்கையில் இருப்பார். பலகை தாண்டியதும் இருக்கை காலியாகிவிடும். அவர் பேருந்து நிலையத்தில், ஏறிய இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார். முதலில் நடத்துனர்கள் வண்டியை நிறுத்தி, ஆள் விழுந்துவிட்டாரோ என்று சாலையோரம் தேடினார்கள். பிறகு அலுத்துப்போய் அவருக்குச் சீட்டு கிழிப்பதையே விட்டுவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ‘ஆட்டச்செய்தி’ என்ற இணையதளம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், உரக்கடை மாடியில், அவரும் நண்பர் கோபியும் 2012இல் அதைத் தொடங்கினார்கள். வீடியோ கேம் செய்தியைத் தமிழில் படிக்க எவன் வருவான் என்று உரக்கடைக்காரர் சிரித்தார். வந்தார்கள். மற்ற தளங்கள் நட்சத்திரம் கொடுத்தால் இவர்கள் வேர்க்கடலை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, கொடுத்தார்கள்: அருமையான விளையாட்டுக்கு ஐந்து மல்லாட்டை, மட்டமானதற்கு வெறும் தோல். மூன்றா நான்கா என்று பின்னூட்டத்தில் சண்டை போட்டு நட்பை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆனாலும் அதிகம் படிக்கப்பட்டது, புது விளையாட்டுகளின் தேதி சொல்லும் ‘எப்போது வரும்’ பக்கம்தான். உறுதியாகாத எதையும் அதில் போடக் கூடாது என்பது அறிவுச்செல்வன் வைத்த சட்டம்.

அந்தப் பக்கத்தின் உச்சியில் ‘கருங்கோட்டை’ என்ற விளையாட்டு வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தது. கம்பெனி தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது. ஓர் ஆடியில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். கட்டியவர்கள், காப்பு அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. அறிவுச்செல்வன் குறும்பாக, மிச்சமிருந்த மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு, கருங்கோட்டை வரும் அன்றுதான் அவிழ்ப்பேன் என்று படம் எடுத்துத் தளத்தில் போட்டார். வாசகர்கள் கொண்டாடினார்கள். அம்மன் அதைக் குறும்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கயிற்றில் வைத்த கத்தரிக்கோல்கள் எல்லாம் மழுங்கிப்போயின.

அவர் மனைவி கலைப்பிரியாவுக்கு விழுப்புரத்தில் நர்ஸ் வேலை. அங்கே வீடு பார்த்து, பால் காய்ச்சி, திருவிழா முடிந்ததும் இவர் போய்ச் சேருவதாக இருந்தது. மகள் ஆர்த்தி அங்கேதான் பிறந்தாள். பிரசவத்தன்று பேருந்து மாற்றி மாற்றி ஏறி, ஒவ்வொரு தடவையும் திண்டிவனத்திலேயே நின்று, கடைசியில் பேருந்து நிலையத் தரையில் உட்கார்ந்து அழுதார். பிள்ளையின் முகத்தை முதலில் போனில்தான் பார்த்தார்.

ஆர்த்திக்கு நடை வந்த வருடம், கருங்கோட்டையைக் கைவிட்டுவிட்டதாகக் கம்பெனி அறிவித்தது. கோபி பதறிப்போனார். “வந்துடுச்சுன்னு ஒரு வரி போட்டுடுடா. நேர்ந்துக்கினதும் இந்த சைட்டுலதான, அவுக்கறதும் இதுலதான். ஜல்தியா குடும்பத்தோட போய்ச் சேரு, அப்புறம் திருத்திக்கலாம்.”

அறிவுச்செல்வன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “பசங்க நம்மள நம்பிக்கினு இருக்கானுங்கடா,” என்றார். ‘இனி வராது’ என்று அடித்து வெளியிட்டார். கயிறு இன்னும் கொஞ்சம் இறுகியது.

அந்தச் செய்தியைக் கலைப்பிரியா வார்டில் நின்றபடி படித்தார். மறுநாள் குழந்தையும் பெட்டியுமாக உரக்கடை மாடியேறினார். திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

“மீதி கயிறு இருக்குதா?”

வேண்டாம் என்று அறிவுச்செல்வன் கெஞ்சினார்.

“போவ வழி இருந்தா ஒருநாளு போயிடுவேங்க. கட்டுங்க.”

கட்டினார். குழந்தைக்குக் கட்ட இருவருக்குமே மனம் வரவில்லை.

ஆர்த்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். லீவுக்கு விழுப்புரத்துப் பெரியம்மா வீட்டுக்குப் போகையில் மூவரும் ஒன்றாகத்தான் ஏறுகிறார்கள். நடத்துனர் கேட்காமலே ஓர் அரைச் சீட்டு கிழிக்கிறார். அப்பா பையை மடியில் வைத்துக்கொள்ள, அம்மா அவளுக்குத் தலை பின்னத் தொடங்குகிறார். பெயர்ப்பலகை தாண்டியதும், சரிந்த பையை இழுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, பாதியில் நின்ற பின்னலை ஆர்த்தி தானே பின்னி முடிக்கிறாள்.