டேக் கேருக்குப் பின்னால்

கிட்ட வாங்க, செல்லங்களா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. சத்தமாகச் சொல்ல மனசு வராத கதை இது.

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற பெண் ஒருத்தி இருந்தாள். ஒரே பிள்ளை, பிறவியிலேயே காது கேட்காது. பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாக ஆபரேஷன் செய்து கருவி வைக்கிறார்கள். ஆனால் ஐந்து வயதுக்குள் இருக்க வேண்டும். பிள்ளைக்கு அடுத்த மாதம் ஐந்து முடிகிறது. மனு வாங்குவதோ வருஷத்துக்கு ஒரு தடவைதான், இந்தக் கதை நடந்த அன்றோடு கடைசி. பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று பெற்றவள் தன் கையாலேயே, இங்கிலீஷில், ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

அரைகுறைப் படிப்புதான், ஆனாலும் எழுதிவிட்டாள். செருப்பு மாட்டப் போனபோது நாத்தனார் தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அங்கே அவளுக்குப் பேரே சிவப்பு மை. அண்ணன் மகன் என்றால் உயிர்.

“அண்ணி, ‘டேக் கேர்’னு எழுதினா பின்னாடி ‘ஆஃப்’ வரணும். நீங்க ‘ஃபார்’னு போட்டிருக்கீங்க.”

“அடிச்சிட்டு மேல எழுதிடறேன்டி.”

“ஐயையோ! அடிச்சுத் திருத்தின தாளை எங்க ஆபீஸ்ல குப்பைக்கூடைகூட வாங்காது. புதுசா எழுதுங்க. பெரிய டாக்டருங்க படிப்பாங்க, நம்மள என்ன நினைப்பாங்க?”

“வெள்ளைக்காரனே எழுதினாலும் உன் கையில தப்ப மாட்டான்!” என்று சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள் அந்தப் பாவி மகள்.

ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். பிறகு அச்சக வழக்கப்படி ஒருத்தி வாசிக்க, ஒருத்தி விரல் வைத்துச் சரிபார்த்தார்கள். நடுவில் ஒரு வரியே விட்டுப்போயிருந்தது. மறுபடி புதுத் தாள்.

பிள்ளையையும் இழுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மனு வாங்கும் ஜன்னல் மூடியிருந்தது. குமாஸ்தா பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“சார், ஒரே ஒரு மனு!”

“கம்ப்யூட்டர்ல மூடியாச்சும்மா. இனி நானே நெனச்சாலும் ஏத்த முடியாது.”

“அடுத்த மாசம் இவனுக்கு அஞ்சு முடியுது சார்.”

“இந்தப் பக்கத்தைத் திருத்தித் திருத்தி எழுதினதுலதான் நேரம் போயிடுச்சு சார்,” என்றாள் நாத்தனார்.

மனுஷன் கல்நெஞ்சக்காரர் இல்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “இதுக்கா? இதை யாரும் படிக்கிறதே இல்லம்மா. தாய் எழுதினதான்னு மட்டும்தான் பார்ப்போம். கிறுக்கிக் கொடுத்திருந்தாலும் வாங்கியிருப்பேனே.”

நாத்தனார் படியிலேயே சரிந்து உட்கார்ந்தாள். “நாலு வார்த்தை திட்டிடுங்க அண்ணி.”

அதற்குள் பிள்ளை ரோட்டுப் பக்கம் ஓடிவிட்டான். இரண்டு பேரும் ஒன்றாகப் பேர் சொல்லிக் கத்தினார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் திரும்பினார்கள், அவன் திரும்பவில்லை. பெற்றவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

அவ்வளவுதான், கண்ணுங்களா. உங்க வீட்டில் கூப்பிட்ட குரலுக்குப் பிள்ளைகள் ஓடி வரட்டும். உங்க குடும்பம் நல்லா இருக்கட்டும்.